எட்டாம் குழியில் பனங்கிழங்கு

எங்கள் அப்பா ஆயுசு முழுக்கப் பள்ளங்களை மூடியவர். சர்க்காரில் ரோட்டு ஓவர்சியர் வேலை. மழை பெய்து சாலையில் ஒரு குழி விழுந்துவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. ஆளைக் கூட்டிப்போய்ச் சரளை கொட்டி, திமிசு போட்டு இடித்து, தன் காலால் நாலு மிதி மிதித்துப் பார்த்தபிறகுதான் வீட்டுக்கு வருவார். அப்பேர்ப்பட்ட மனிதரைக் கூப்பிட்டு, சமமாகக் கிடந்த தரையில் ஆள் ஆழத்துக்கு ஒரு குழி தோண்டும்படி துரை சொன்னபோது, அப்பாவுக்குத் தன் காதின்மேலேயே சந்தேகம் வந்துவிட்டதாம். மறுபடியும் கேட்டுக்கொண்டு வந்தார். குழிதான், சந்தேகமில்லை.

எனக்கு அப்போது எட்டு வயது. சர்க்கார் கச்சேரிச் சுவர்களில் பழைய ராஜாவின் படத்தைக் கழற்றிவிட்டுப் புது ராஜாவின் படத்தை மாட்டிய சமயம். நாங்கள் பாளையங்கோட்டையில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அப்பாவுக்கு மேலதிகாரி ஒரு இஞ்சினியர் துரை. நெட்டையாக, சுட்ட செங்கல் நிறத்தில் இருப்பார். முன்ஷி வைத்துத் தமிழ் படித்துப் பரீட்சை தேறியவர். ஆகையால் அவர் பேசுகிற தமிழ் ஏட்டிலிருந்து எழுந்து வந்தது போல இருக்கும். எங்கள் தெருவில் யாருக்கும் பாதி விளங்காது.

துரைக்குச் சொந்த ஊர் அவர்கள் சீமையில் ஒரு கடற்கரை. அங்கே ஆண்டாண்டு காலமாகக் கோல்ஃப் விளையாடுகிற மைதானம் ஒன்று உண்டாம். அதைப்பற்றி அவர் அப்பாவிடம் சொல்வார், அப்பா சாப்பிடும்போது எங்களிடம் சொல்வார். சின்ன வெள்ளைப் பந்து ஒன்றைக் கம்பால் அடித்து அடித்து அரை மைல் தள்ளியிருக்கிற சிறு துளைக்குள் போடவேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. ஆனால் அந்தத் துளைக்கும் ஆளுக்கும் நடுவே எத்தனை இடைஞ்சல் உண்டோ அத்தனையும் வைத்திருப்பார்களாம். ஓரிடத்தில் கடற்காற்று பந்தைப் பிடுங்கிக்கொண்டு போகும். ஓரிடத்தில் முள்புதர் விழுங்கிவிடும். எல்லாவற்றையும்விடப் பெரிய எமன் மணல்குழி. உள்ளே இறங்கி நின்றால் தொப்பிகூட வெளியே தெரியாது. பெரிய பெரிய பிரபுக்களெல்லாம் அதற்குள் நின்று மணலை அடி அடியென்று அடித்துவிட்டு அழுகிற நிலைக்கு வந்திருக்கிறார்களாம். விளையாட வந்தவனை இப்படியா பாடாய்ப் படுத்துவது என்று அம்மா கேட்டாள். கஷ்டம் இருந்தால்தான் அதற்கு விளையாட்டு என்று பெயராம் என்றார் அப்பா. அப்படியானால் நான் தினமும் அடுப்படியில் விளையாடிக்கொண்டுதான் இருக்கிறேன் என்று அம்மா சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அந்த மைதானத்தின் சாயலில் ஒன்று தனக்கு இங்கே வேண்டும் என்று துரைக்கு ஆசை. ஊருக்குக் கிழக்கே கிடந்த சரள் காட்டைப் பிடித்தார். ஒன்பது துளை. எங்கள் ஊர்க்காரர்கள் வாயில் கோல்ஃப் நுழையவில்லை, குழிப்பந்து என்றார்கள். புல் வளர்க்கத் தாமிரபரணியையே திருப்பிவிட்டாலும் அந்தச் சரளில் ஒரு நறுக்கு முளைக்காது. எனவே துளையைச் சுற்றி ஆற்று மணலில் இலுப்பை எண்ணெயைப் பிசைந்து வட்டமாகப் பரப்பினார்கள். கோயிலில் விளக்கெரிக்க வேண்டிய எண்ணெயை மண்ணில் கொட்டுகிறார்களே என்று ஊரே வயிறெரிந்தது.

இடைஞ்சலுக்குப் பஞ்சமில்லை. முதல் துளைக்குப் போகிற வழியெல்லாம் சரளைக்கல். பந்து விழுந்தால் நேராக ஓடாது, வெருண்ட கன்றுக்குட்டிபோல எந்தப் பக்கமும் பாயும். இரண்டாவதற்குக் குறுக்கே பதினோரு பனைமரம். அவற்றின் நடுவே பந்தை அடித்தால் டொக் டொக்கென்று நாலு மரத்தில் பட்டு அடித்தவர் காலடிக்கே திரும்பி வரும். மூன்றாவதில் ஓடை. நாலாவதின் குறுக்கே கோனார்களின் ஆட்டுமந்தை காலையிலும் மாலையிலும் கடந்து போகும். எண்ணெய் மணலில் ஆடு மிதித்த தடத்தில் பந்து உட்கார்ந்துகொண்டால் வெளியே எடுப்பது பெரும்பாடு. ஆறாவது துளை குளத்தங்கரை ஓரம். கோடையில் குளம் வற்றிக் கிடக்கும்போது உள்ளே இறங்கி அடிக்கலாம். குளம் பெருகிக் கிடக்கும்போது பந்து போனால் போனதுதான். ஆனி ஆடியில் மேல்காற்று வேறு. மேற்கே பார்த்து அடித்த பந்து கிழக்கே வந்து விழுந்ததை நானே கண்டிருக்கிறேன்.

இத்தனையும் சாமி தந்தவை. மனிதன் செய்ததாக ஒன்று வேண்டாமா? எட்டாவது துளைக்கு முன்னால் தன் ஊர் மணல்குழியை அப்படியே உண்டாக்கத் துரை பென்சிலால் படம் போட்டுக் கொடுத்தார். அப்பா பதினைந்து நாள் நின்று வெட்டினார். ஆள் ஆழம், மாட்டு வண்டி திரும்புகிற அகலம். சுவர் சரியாமலிருக்கப் பனஞ்சட்டம் வைத்துக் கட்டி, இறங்க நாலு படி வைத்தார். தண்ணீர் தேங்குகிற குழியைத் தோண்ட மட்டும் அவருக்கு மனம் ஒப்பவில்லை. யாரும் கேட்காமலேயே அடியில் கல் போட்டு ஓடைக்கு ஒரு வடிகால் வைத்தார். பிறகு குறுக்குத்துறையிலிருந்து வண்டி வண்டியாக ஆற்று மணல் வந்து இடுப்பளவுக்கு நிரம்பியது. அதைச் சீவி வழவழப்பாக்க மரப்பல் வைத்த நீண்ட வாரி ஒன்றும் செய்து படியோரம் சாத்தினார்கள். துரை இறங்கிப் பார்த்துவிட்டு அப்பாவின் முதுகில் தட்டினார். தற்காலிகமாகவே ஆறு வருஷம் ஓட்டிக்கொண்டிருந்த அப்பாவின் வேலையைத் தை மாதம் நிரந்தரமாக்க மேலே எழுதப்போவதாகவும் சொன்னார். அம்மா அன்று பாயசம் வைத்தாள்.

இனி அத்தையைச் சொல்லவேண்டும். அப்பாவுக்கு மூத்தவள். திருச்செந்தூர்ப் பக்கத்து மணற்காடான தேரிக்காட்டில் வாழ்க்கைப்பட்டவள். மாமா கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனார். முதலில் கடிதம் நின்றது, அப்புறம் ஆளைப்பற்றிய பேச்சும் நின்றது. அத்தை மகளைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அந்த மகளை, அதாவது என் மதினியை, அப்பாதான் அந்த வருஷம் ஆவணியில் திருச்செந்தூரிலேயே ஒரு வீட்டில் கட்டிக்கொடுத்தார். கல்யாணம் குறைவில்லாமல் நடந்தது. ஆனால் பந்தலில் வைத்துச் சம்பந்தியம்மாள் சிரித்த முகத்தோடு ஒரு கேள்வி கேட்டாள். தலைப் பொங்கலுக்குத் தாய் வீட்டுப் படி என்று ஒன்று வருமா, இல்லை எல்லாமே மாமன் வீட்டுப் படிதானா என்று. நாலு பேர் சிரித்தார்கள். அத்தையும் சிரித்தாள்.

எங்கள் பக்கத்தில் மணமான பெண்ணுக்கு முதல் பொங்கலன்று பிறந்த வீட்டிலிருந்து பானை, அரிசி, மஞ்சள்குலை, கரும்பு, பனங்கிழங்கு எல்லாம் போகவேண்டும். அதுதான் பொங்கப்படி. அத்தை அன்று ராத்திரி அப்பாவிடம் வந்து நின்று, மற்றதெல்லாம் நீ கொடு தம்பி, கிழங்கு மட்டும் என் கையால் விளைந்து போகவேண்டும் என்றாள். ஊரைச் சுற்றிப் பனையாக நிற்கிற திருச்செந்தூருக்கா கிழங்கு அனுப்புவது, கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதைதான் என்று அம்மா கேலி செய்தாள். அத்தைக்கென்று கைப்பிடி மண் கிடையாது. எங்கள் வாடகை வீட்டுக் கொல்லையோ கடப்பாரை போட்டால் பொறி பறக்கிற பாறை. கடையில் வாங்கலாம் என்றால் அது அப்பா வாங்கியதாகிவிடும். கிழங்கு போகவில்லையென்றால் சம்பந்தியம்மாள் சொன்னது ஊரறிய மெய்யாகிவிடும்.

புரட்டாசியில் ஒருநாள் சாயங்காலம் அப்பாவுக்கு ஒரு கடிதம் கொடுக்க நானும் அத்தையும் மைதானத்துக்குப் போனோம். அப்பா அங்கே இல்லை. அத்தை எட்டாம் குழியின் விளிம்பில் நின்று உள்ளே பார்த்தாள். இறங்கி ஒரு கை மணலை அள்ளினாள், மோந்து பார்த்தாள், விரலிடுக்கில் ஒழுகவிட்டாள்.

"ஏட்டி, இந்த மண்ணைப் பாத்தியா? புட்டு மாவு மாதிரில்லா கெடக்கு. தண்ணியும் தேங்காது. இம்புட்டு மண்ணும் சும்மா கெடக்கே, இதப் பாத்துட்டு எனக்குப் பொறுக்கமாட்டேங்கு."

தேரிக்காட்டில் வாழ்ந்த எவளுக்கும் அது கிழங்குப் பாத்திதான். வேறு எதுவாகத் தோன்ற முடியும்? பந்து விழுந்து தவிப்பதற்கென்றே ஒருவன் இத்தனை வண்டி மணலைக் கொட்டி வைப்பான் என்பதை அவள் கடைசிவரை நம்பவில்லை. விதைக்கும் அலையவேண்டியதில்லை. இரண்டாம் துளைப் பனைகளிலிருந்து விழுந்த பழங்களைத் துரை உத்தரவுப்படி கூலியாட்கள் ஒரு மூலையில் அள்ளிக் குவித்திருந்தார்கள். சிவன் கோயிலுக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டு, நாலு சாயங்காலம் நானும் அத்தையும் ஓலைப்பெட்டியில் கொட்டைகளைச் சுமந்தோம். மணலை ஒரு சாண் விலக்கி, கொட்டைகளை நெருக்கமாக அடுக்கி, மேலே இரண்டு விரற்கடை மணல் போட்டு மூடினோம். முந்நூறுக்கு மேல் இருக்கும். மழைக்காலம் முழுக்க விளையாட்டு கிடையாது, துரை கண்மாய் கண்மாயாக முகாம் போய்விடுவார், தை பிறக்கும் முன் தோண்டி எடுத்துவிடலாம் என்பது அத்தையின் கணக்கு. யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். முக்கியமாக அப்பாவிடம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பெரியவர்களின் ரகசியம் ஒன்று என் வயிற்றில் இருக்கிறது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. முதல் பெருமழை இரவில் அத்தை கண்ணையே மூடவில்லை. மழை கொஞ்சம் வெறித்த மறுநாள் சாயங்காலம் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு குழிக்கு ஓடினோம். மணல் வழவழவென்று, ஒரு கொட்டைகூடத் தலைகாட்டாமல் இருந்தது. முந்தின முறை நாங்கள் பதித்த காலடிகளும் இல்லை. அத்தை சுற்றுமுற்றும் பார்த்தாள். படியோரம் சாத்தியிருந்த வாரியைப் பார்த்தாள். பிறகு, மழைக்கும் கண்ணு இருக்குட்டி என்று சொல்லி என்னை அழைத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

அன்று இரவு அப்பாவுக்கு ரசம் ஊற்றும்போது அவள் சொன்னது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இந்த மழை புண்ணியவதி நல்லாருக்கணும் தம்பி. தொறந்து கெடக்கதயெல்லாம் பைய மூடிட்டுல்லா போயிருக்கா."

ரகசியத்தை இப்படிப் போட்டு உடைக்கிறாளே என்று நான் அவள் முந்தானையை இழுத்தேன். அப்பா இலையிலிருந்து தலையைத் தூக்காமல் இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டார். அவருக்கு விளங்கவில்லை என்று எனக்கு நிம்மதியாயிற்று. அதற்குப் பிறகும் ஒவ்வொரு பெருமழைக்கும் அவள் இதே மாதிரி மழையை வாழ்த்துவாள், அப்பா எதையாவது கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்.

அந்த ஐப்பசி கார்த்திகை முழுக்க அப்பாவுக்கு ஓய்வில்லை. எத்தனை சாலையில் உடைப்பு, எத்தனை பாலத்தில் பழுது. ஆனாலும் விடிகாலையில் குடையை எடுத்துக்கொண்டு முதலில் மைதானத்துக்குத்தான் போவார். ஊரெல்லாம் கரை உடையுது, இவுக குழியப் பாக்கப் போறாக என்று அம்மா முணுமுணுப்பாள். திரும்பி வரும்போது வேட்டி நுனியிலும் கால்விரல் இடுக்கிலும் வெள்ளை மணல் ஒட்டியிருக்கும். எங்கள் தெருவோ செம்மண் தெரு. அம்மா பார்ப்பதற்குள் அத்தை விளக்குமாற்றை எடுத்துவந்து வாசலைக் கூட்டிவிடுவாள்.

மார்கழியில் வெள்ளைக்காரர்களின் கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பந்தயம் வைக்கப்போவதாகத் துரை திடீரென்று அறிவித்தார். வெள்ளிக் கோப்பை ஒன்றும் வந்து இறங்கியது. அத்தைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கிழங்கு முக்கால் விளைச்சல்தான். இப்போது தோண்டினால் மாவு பிடித்திருக்காது, சம்பந்தி வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. விட்டுவைத்தால் எந்தத் துரை வந்து எந்தக் கம்பால் கிளறப்போகிறாரோ. கடைசியில், அந்தக் குழியில் பந்து விழாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைச் செந்திலாண்டவரிடம் ஒப்படைத்தாள்.

பந்தயத்தன்று குளத்தங்கரை மேல் ஊரே திரண்டுவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் எட்டாம் குழிக்கு நேர் எதிரே இடம்பிடித்தோம். அப்பா ஓவர்சியர் கோட்டும் தலைப்பாகையுமாக மைதானத்தில் நின்றார். காலையிலிருந்து ஒவ்வொரு துரையாக ஆட்டத்தைவிட்டுக் கழன்றார்கள். இரண்டு பேர் பனைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டார்கள். ஒருவருடைய பந்தைக் காக்கை தூக்கிப்போயிற்று. ஒருவர் பந்து குளத்துக்குள் போய்விட்டது. எட்டாம் குழியைக் கண்டு எல்லோருமே மிரண்டு, சுற்றி வளைத்து ஓரமாக அடித்துப்போனார்கள். அத்தை ஒவ்வொரு பந்துக்கும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பொழுது சாய்கிற நேரத்தில் இரண்டு பேர் மட்டும் மிஞ்சினார்கள். ஒருவர் எங்கள் துரை. இன்னொருவர் தூத்துக்குடியிலிருந்து வந்த ஒரு பஞ்சு வியாபாரத் துரை. சீமையிலிருந்து கப்பலில் வந்திறங்கி ஆறு மாதம்கூட ஆகாதவர், தமிழில் ஒரு சொல் தெரியாது. ஏழு துளை முடிந்து இருவரும் சரிசமம்.

தூத்துக்குடித் துரையும் ஓரமாகத்தான் அடித்தார். எங்கள் துரைக்கு அது கேவலமாகத் தோன்றியிருக்கும். தன் ஊர்க் குழிக்கே பயப்படுவதா? நேராகக் குழிக்கு மேலாகத் தூக்கி அடித்தார். பந்து பாதி வழி ஒழுங்காகத்தான் வந்தது. அப்புறம் வாடைக்காற்று அதன் பிடரியில் ஒரு தட்டு தட்டிற்று. பொத்தென்று மணலில் விழுந்தது. தான் வெட்டின குழியில் தானே விழுவது என்பதை நான் அன்றுதான் நேரில் பார்த்தேன்.

துரை படியில் இறங்கினார். இரும்புத் தலை வைத்த கம்பை ஓங்கி மணலில் வீசினார். மணலில் அடித்தால் புஸ்ஸென்று சத்தம் வரும். அன்று டக்கென்று வந்தது. கம்பு இரண்டாக முறிந்தது. பந்து அசையாமல் இருந்த இடத்திலேயே இருந்தது. அதற்குப் பதிலாக ஒரு பனங்கொட்டை, முழ நீள வெள்ளைக் கிழங்கு வாலோடு, எகிறி வெளியே வந்து தூத்துக்குடித் துரையின் பூட்ஸ் அருகில் விழுந்தது.

அத்தை என் கையைப் பிடித்த பிடியில் எனக்கு உயிர் போயிற்று.

தூத்துக்குடித் துரை கிழங்கைத் தூக்கித் தூக்கிப் பார்த்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து சின்னச் சிவப்புப் புத்தகம் ஒன்றை எடுத்தார். விளையாட்டுச் சட்டம். எங்கள் துரையின் சேவகன் மறுநாள் தெருவில் விளக்கியதால்தான் எங்களுக்கு விவரம் தெரிந்தது. குழிக்குள் கிடப்பது, அகற்றுவதற்காக ஆட்கள் குவித்துவைத்த குப்பையாக இருந்தால், பந்தைத் தண்டனையில்லாமல் எடுத்து வேறிடத்தில் வைத்து அடிக்கலாம், குப்பையையும் வாரி எறியலாம். ஆனால் அது வேர்விட்டு வளர்கிற பொருளானால் தொடக்கூடாது. பந்து கிடக்கிற கிடையிலேயே அடித்தாக வேண்டும்.

துரை அப்பாவைக் கூப்பிட்டார். எதிராளிக்கு விளங்கக் கூடாது என்றோ என்னவோ, இங்கிலீஷில் கேட்காமல் தமிழில் கேட்டார்.

"இவை கூலியாட்கள் அகற்றும்பொருட்டுக் குவித்து வைத்தவை அல்லவா?"

கேட்ட விதத்திலேயே பதிலும் இருந்தது. அப்பா ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். கோப்பையும் துரைக்கு, தை மாத உத்தரவும் அப்பாவுக்கு. அத்தை அதற்குள் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு கரைச்சரிவில் இறங்க ஆரம்பித்துவிட்டாள். குற்றத்தை ஒத்துக்கொள்ளத்தான் போகிறாள் என்று எனக்குப் புரிந்தது. எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற அப்பா, வழக்கத்துக்கு மாறாக உரத்த குரலில் சொன்னார்.

"இல்ல தொரை. வெதச்சது. வேரு விட்டு வளருது. என் உத்தரவுலதான் போட்டுருக்கு."

அத்தை நடுச்சரிவில் நின்றுவிட்டாள். யாரும் கேட்காமலேயே அப்பா அதை இங்கிலீஷிலும் ஒருமுறை தூத்துக்குடித் துரையிடம் சொன்னார். பொய் சொன்னால் புளியம்விளாறு எடுக்கிற அப்பா இத்தனை பேர் முன்னால் ஒரு பொய்யைத் தயக்கமில்லாமல் சொல்கிறாரே, அதுவும் கண நேரத்தில் எப்படித் தோன்றிற்று என்று நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

துரையின் முகம் செங்கல் நிறத்திலிருந்து வெளுத்தது. நினைத்திருந்தால் அவர் கூலிகளை விட்டுக் குழியையே புரட்டிப் போட்டிருக்கலாம். அவரைக் கேட்க யார்? ஆனால் அந்த மனிதர் வேறொரு கம்பை எடுத்துக்கொண்டு மறுபடி இறங்கினார். மூன்று அடி அடித்தார். மூன்று கிழங்கு வெளியே வந்தது, பந்து வரவில்லை. கடைசியில் ஒன்பதாவது துளைக்குப் போகாமலே தோல்வியை ஒப்புக்கொண்டு, பந்தைக் கையால் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு மேலே ஏறிவந்து எதிராளியின் கையைக் குலுக்கினார். போகும்போது அப்பாவைப் பார்த்து, விளைந்தபின் அகழ்ந்து எடுத்துக்கொள்க, அதுவரை ஒருவரும் தீண்டலாகாது என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தத் துரைக்கு நான் இன்றும் மனசுக்குள் ஒரு கும்பிடு போடுவதுண்டு. தோற்றாலும் தன் சட்டத்துக்குள் நின்று தோற்றவர்.

வீட்டில் எனக்கும் அத்தைக்கும் பூசை காத்திருக்கிறது என்று நடுங்கிக்கொண்டு போனேன். அப்பா கை கால் கழுவி, திருநீறு பூசி, இலைமுன் உட்கார்ந்தார். ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"இன்னும் எத்தன நாளாவும்க்கா?"

"பதினஞ்சு நாளு" என்றாள் அத்தை. கேட்காமலேயே அவர் இலையில் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள்.

பதினைந்தாம் நாள் குழியைத் தோண்டினோம். துரை முறித்துப் போட்டுவிட்டுப்போன இரும்புத் தலைதான் அத்தைக்குத் தோண்டும் கருவி. கிழங்கு ஒவ்வொன்றும் கைப்பருமனில், பால் நிறத்தில் வந்தது. இருபத்தைந்து இருபத்தைந்தாகக் கட்டுக் கட்டினோம். பத்துக் கிழங்கை அவித்து ஓலைப்பெட்டியில் வைத்துத் துரை வீட்டுக்கு அனுப்பினாள் அத்தை. நார் மிகுதி, எனினும் நன்று என்று பதில் வந்தது. பொங்கப்படி வண்டி திருச்செந்தூருக்குப் புறப்பட்டபோது மற்ற சாமான்களையெல்லாம் பின்னால் தள்ளிவிட்டுக் கிழங்குக் கட்டுகளை முன்னால் தன் மடியோரம் வைத்துக்கொண்டு அத்தை உட்கார்ந்தாள். நானும் கூடப் போனேன். சம்பந்தியம்மாள் ஒரு கிழங்கை வாங்கிப் பார்த்தாள். இது எந்தக் காட்டுக் கிழங்கு என்று கேட்டாள். ஆத்து மணல்ல நானே போட்டது என்று அத்தை சொன்னாள். அந்த அம்மாள் வேறொன்றும் பேசாமல், எல்லோரும் பார்க்கக் கட்டைக் கொண்டுபோய்ப் பொங்கல் பானைக்கு முன்னால் வைத்தாள். மதினி அடுப்புப் புகைக்குப் பின்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்ததை நான் மறக்கவில்லை.

அந்தத் தையில் நிரந்தர வேலை வேறொருவருக்குப் போயிற்று. அப்பா இன்னும் நாலு வருஷம் தற்காலிகமாகவே சாலைப் பள்ளங்களை மூடிக்கொண்டிருந்தார். அம்மா சில நாள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. என்னவோ புருஷன் பெண்டாட்டி சண்டை என்று நினைத்துக்கொண்டு நான் விளையாடப் போய்விட்டேன்.

பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து எனக்கும் கல்யாணமாகி, ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்தில் என் வீட்டுக் கொல்லையில் முதன்முதலாக நானே ஒரு கிழங்குப் பாத்தி போட்டேன். ஆற்று மணல்தான். அத்தை செய்தபடியே கொட்டையை அடுக்கி, இரண்டு விரற்கடை மணல் போட்டு மூடினேன். ஐப்பசியில் ஒரு பெருமழை பெய்தது. மழைதான் பார்த்துக்கொள்ளுமே என்று நான் கவலையில்லாமல் தூங்கினேன். விடிந்து போய்ப் பார்த்தால் மணலெல்லாம் அரித்து ஓரத்தில் ஒதுங்கியிருந்தது. போட்ட கொட்டை அத்தனையும் மொட்டைத் தலைகளாக வெளியே தெரிந்தன.

பாத்தியோரமாக அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மழை மணலை அரிக்கும். எந்த மழையும் எதையும் மூடிவிட்டுப் போனதில்லை. தேரிக்காட்டில் வாழ்ந்த அத்தைக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? விடிகாலைக் குடையும், வேட்டி நுனியில் வெள்ளை மணலும், அம்மா பார்ப்பதற்குள் வாசலைக் கூட்டிய விளக்குமாறும் ஒவ்வொன்றாக என் முன்னால் வந்து நின்றன. அப்பா துரையிடம் சொன்ன பதில் கண நேரத்தில் தோன்றியதில்லை, இரண்டு மாதம் தினமும் அந்த மணலைத் தன் கையால் சீவி மூடிப் பார்த்துவைத்திருந்தது. அந்த நாளையில் என் வயிற்றில் இருந்ததுதான் பெரிய ரகசியம் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அக்காளும் தம்பியும் ஒரே வீட்டில் ஒருவருக்கொருவர் தெரியாததுபோல வைத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவே இல்லை.

ரசம் ஊற்றும்போதெல்லாம் அத்தை புண்ணியவதி என்று யாரை வாழ்த்தினாள் என்று எனக்கு அன்றுதான் புரிந்தது. எழுந்துபோய் வாரியை எடுத்துவந்தேன்.